முப்பது மணி நேரம் இலவசம்

டன்கன் ஹோல்ராய்டுக்கு நாற்பத்திரண்டு வயதில்தான் முதல் குழந்தை பிறந்தது. ஹாலிஃபாக்ஸில் பஸ் ஓட்டுகிறவன். இனி பிள்ளை இல்லை என்று அவனும் மனைவி ஜெம்மாவும் மனதைத் தேற்றிக்கொண்டு, ஒரு நாயையும் வாங்கி வளர்க்க ஆரம்பித்த பிறகு மார்த்தா வந்து சேர்ந்தாள். வந்த நாளிலிருந்து அவனுக்குத் தூக்கமும் இல்லை, வேறு கவலையும் இல்லை.

ஜெம்மாவின் பிரசவ விடுப்பு முடிகிற நேரம் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. வாரத்தில் மூன்று நாள் போவதாக ஏற்பாடு. அந்த மூன்று நாளும் மார்த்தா, கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் நர்சரியில் இருக்க வேண்டும். வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைக்கு வாரம் முப்பது மணி நேரம் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது என்று டன்கன் கேள்விப்பட்டிருந்தான்.

"மூணு நாள், நாளைக்குப் பத்து மணி நேரம். மூணு பத்து முப்பது. அவங்க குடுக்கறதும் முப்பது. அஞ்சு காசு செலவு கிடையாது" என்று டிப்போ கேன்டீனில் பேக்கன் வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே சொன்னான்.

எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த முஷ்தாக்குக்குப் புரையேறியது. அவனுக்கு மூன்று பிள்ளைகள்.

"சந்தோஷம் மச்சான். பில்லு வரட்டும், அப்புறம் பேசுவோம்."

"எதுக்குடா பில்லு? அதான் இலவசமாச்சே."

"வரட்டும்கறேன்ல."

அடுத்த வாரமே வந்தது. மாதம் முந்நூற்று அறுபது பவுண்டு. டன்கன் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வேறு யார் வீட்டுக் கணக்கோ நமக்கு வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். மேலே மார்த்தா ஹோல்ராய்டு என்று தெளிவாக இருந்தது. மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில், சீருடையோடு நர்சரிக்குள் போய் நின்றான்.

நர்சரியின் பொறுப்பாளர் ஷெரில் பீல் நல்ல மனுஷி. இந்தக் கேள்வியை வருடம் முழுக்கக் கேட்டுக் கேட்டு அலுத்தவள்.

"உக்காருங்க டன்கன். முப்பது மணி நேரம்ங்கறது பள்ளிக்கூடம் நடக்கற முப்பத்தெட்டு வாரத்துக்கு மட்டும்தான். நாங்க கிறிஸ்துமஸ் தவிர வருஷம் பூரா திறந்திருக்கோம். மொத்தத்தையும் வருஷத்துக்கு நிரவிப் போட்டா வாரத்துக்கு இருபத்திரண்டு மணி நேரம் வரும்."

"ஆனா என் பொண்ணு பள்ளிக்கூடம் போகலியே. அவளுக்கு இன்னும் நடக்கவே வரலை."

"தெரியும். விதி அப்படி இருக்கு."

"அப்ப மிச்சம் எட்டு மணி நேரம்?"

"அது நீங்க கட்டணும். மணிக்கு ஏழு பவுண்டு. அப்புறம் சாப்பாடு, டயப்பருக்கு ஒரு நாளைக்கு ஒன்பது பவுண்டு."

"அதை நானே வீட்லேர்ந்து குடுத்தனுப்பினா?"

"தாராளமா அனுப்புங்க. நிறைய பேர் ரெண்டு வாரம் அனுப்புவாங்க, அப்புறம் விட்டுடுவாங்க."

டன்கன் தலையாட்டினான். அவள் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே புரிந்தது. எல்லாம் சேர்ந்தபோது ஒன்றுமே புரியவில்லை. முப்பது எப்படி இருபத்திரண்டு ஆனது என்று யோசித்துக்கொண்டே ஓட்டியதில் அன்று ஒரு நிறுத்தத்தைத் தாண்டியே போய்விட்டான். பின்னாலிருந்து ஒரு கிழவி குரல் கொடுத்தாள்.

"மணி அடிச்சது காதுல விழலையா தம்பி? என்னை மான்செஸ்டருக்கா கூட்டிட்டுப் போற?"

சாயங்காலம் ஜெம்மா அவனைவிடத் தெளிவாக இருந்தாள். மார்த்தாவுக்கு ஒரு வாய், நாய்க்குத் தெரியாமல் தனக்கு ஒரு வாய் என்று பீன்ஸ் ஊட்டிக்கொண்டே சொன்னாள்.

"இன்னொரு உதவியும் இருக்காம். குழந்தை பேர்ல அரசாங்கத்துல ஒரு கணக்கு திறக்கணும். நாம எட்டு பவுண்டு போட்டா அவங்க ரெண்டு போடுவாங்க. நாம இருநூத்தி எண்பத்தெட்டு போட்டா போதும், அவங்க எழுபத்திரண்டு போட்டு முந்நூத்தி அறுபது ஆயிடும்."

"அவங்க எதுக்கு நமக்குப் போடணும்?"

"போடறாங்க. வாங்கிக்க."

"இலவசம்னாங்க. அப்புறம் காசு கேட்டாங்க. இப்ப அந்தக் காசுலயே கொஞ்சம் அவங்களே தராங்க. முதல்லயே குறைச்சுக் கேட்டா என்னவாம்?"

"என்னைக் கேட்டா? நானா சட்டம் போட்டேன்? உன் சம்பளத்துல வீட்டுக் கடன் போகும். என் சம்பளத்துல நர்சரி, சாப்பாடு, மின்சாரம். மிச்சம் நூத்திச் சொச்சம். போதும். நீ பணத்தை மட்டும் கட்டு."

டன்கன் அன்றே உட்கார்ந்து கட்டினான். இருநூற்று எண்பத்தெட்டு போட்டதும், சொன்னபடியே எழுபத்திரண்டு மேலே வந்து நின்றது. அவனுக்கு உள்ளூரப் பயம்கூட வந்தது, யாரோ தவறிப்போய்ப் போட்டுவிட்டார்களோ என்று. பட்டியலில் நர்சரியின் பெயரைத் தேடி, முழுத் தொகையையும் அனுப்பிவிட்டு, பெரிய காரியம் செய்த களைப்போடு படுத்தான்.

ஒரு வாரம் கழித்து ஷெரில் போன் செய்தாள். பணம் வரவில்லை.

"அனுப்பிட்டேனே!"

"இங்க வரலையே, டன்கன்."

கணக்கைத் திறந்து பார்த்தான். பணம் அனுப்பப்பட்டது என்று இருந்தது. கணக்கில் மீதி ஒன்றுமில்லை. அனுப்பியது உண்மை, வராததும் உண்மை என்றால் பணம் எங்கே நிற்கிறது? அரசாங்கத்துக்குப் போன் போட்டான். அரை மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு, ஒரு பெண் பணம் நர்சரிக்குப் போய்விட்டதே என்றாள். நர்சரிக்குப் போன் போட்டால் வரவில்லை என்றார்கள். அரசாங்கம் தான் போட்ட எழுபத்திரண்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு, கூடவே அவன் போட்டதையும் எடுத்துக்கொண்டதோ என்றுகூட நினைத்தான்.

"அது எப்படிடா போகும்? பஸ்லயா ஏறிப் போகும்?" என்றான் முஷ்தாக், மறுநாள் கேன்டீனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு. "காட்டு பாக்கலாம்."

கைபேசியை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தவன் நிறுத்தினான்.

"உன் வீடு எங்க இருக்கு?"

"என்னடா கேள்வி இது? ஹாலிஃபாக்ஸ்ல."

"அப்ப ப்ரிக்ஹவுஸ் நர்சரிக்கு ஏன் கட்டியிருக்க?"

டன்கன் பிடுங்கிப் பார்த்தான். ஒரே முதலாளிக்கு இரண்டு நர்சரிகள், இரண்டுக்கும் ஒரே பெயர். ஊர்ப் பெயர் மட்டும் சின்ன எழுத்தில் கீழே இருந்தது. அவன் மேலே இருந்ததைத் தொட்டுவிட்டிருக்கிறான்.

ப்ரிக்ஹவுஸுக்குப் போன் போட்டதும் எதிர்முனையில் ஒரு பெண் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். "நீங்கதானா அது? நாங்க ஒரு வாரமா மார்த்தா யாருன்னு தேடிட்டிருக்கோம். பேபி ரூம்ல எல்லாக் குழந்தை பேரையும் ரெண்டு தடவை பாத்தாச்சு."

அவர்களே பணத்தை ஷெரிலுக்கு மாற்றிவிட்டார்கள். டன்கன் இரவு சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னபோது, ஜெம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, இப்பவாவது கணக்கு புரிஞ்சுதா?"

"இல்ல. முப்பது ஏன் இருபத்திரண்டுன்னு சத்தியமாப் புரியலை. எங்க அனுப்பணும்னு தெரியும்."

"அது போதும்."

ஏப்ரலில் மார்த்தா நர்சரிக்குப் போனாள். முதல் நாள் அவள் அழவில்லை. டன்கன்தான் வண்டிக்குள் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். மே மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் போகவில்லை. அந்த வாரத்துக்கும் முழுப் பணம்தான் கேட்டார்கள். ஏன் என்று கேட்க வாயெடுத்தவன், ஷெரிலின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

கோடையில் ஒரு நாள் கடைசி நிறுத்தத்தில் வண்டியைப் போட்டிருந்தபோது அரசாங்கத்திடமிருந்து கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அவன் விவரங்கள் பழையபடியே இருக்கின்றனவா, மாறியிருக்கின்றனவா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுதி செய்ய வேண்டுமாம். டன்கன் நெடுநேரம் யோசித்தான். மார்த்தாவுக்கு இரண்டு பல் முளைத்திருந்தது. அது மாற்றத்தில் சேருமா என்று ஜெம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டான்.

"பஸ்ஸை ஓட்டு, டன்கன்" என்றாள் அவள். "வீட்டுக்கு வா, நான் பாத்துக்கறேன்."

அவன் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கதவைத் திறந்துவிட்டான். வெளியே காத்திருந்தவர்கள் ஏறினார்கள்.