முன்சீட்டின் காலடியில் ஈரம்

மெக்கானிக் கடைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில் சீட்டக்காவைத் தெரியாதவர் கிடையாது. கார் சீட்டுக்கு உறை தைப்பது அவள் தொழில். கிழிந்த சீட்டை அவள் முன்னால் போட்டால் போதும், உறையைப் பிரித்து ஃபோமை அமுக்கி முகர்ந்து பார்த்து, "டீயைக் கொட்டியிருக்கீங்க, குழந்தை வாந்தி எடுத்திருக்கு" என்று ஜாதகமே சொல்லிவிடுவாள். ஃபோம் எதையும் மறக்காது என்பது அவள் கட்சி. அப்பேர்ப்பட்டவள் சொந்த வீட்டு வண்டியில் கோட்டை விட்டாள், கேளுங்கள்.

வீட்டில் அவள், புருஷன், மாமனார், ஆக மூன்று பேர். மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் அடக்கிக்கிட்டு நின்ன உடம்பும்மா இது" என்று பெருமையடித்துக்கொள்வார். வயதானாலும் சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வந்தால், நகரத்தின் மறுகோடியில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தன் அக்காவைப் பார்க்கப் போயே ஆக வேண்டும். மகன் ஓட்ட, அவர் முன்சீட்டில் உட்கார்ந்து போவார். வண்டி பழசு. பெட்ரோல் விற்கிற விலைக்கு மற்ற நாட்களில் ஏசியைத் தொடுவதில்லை. அவருக்கு வெயில் ஆகாது என்பதால் அந்த ஒரு நாள் மட்டும் போடுவார்கள்.

ஒரு ஞாயிறு அவர் இறங்கியபோது செருப்பு நனைந்திருந்தது. காலடிக் கார்ப்பெட்டில் ஈரம். அடுத்த வாரமும் அப்படியே. மற்ற நாட்களில் காய்ந்துதான் கிடந்தது. மகன் சமையலறைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்கு வண்டியிலேயே ஒண்ணுக்குப் போயிடுது போல. தெரியக்கூட மாட்டேங்குது, பாவம்" என்றான். அன்றே கார்ப்பெட்டை ஃபினாயில் ஊற்றிக் கழுவினான். சீட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பையும் போட்டுவைத்தான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, ஆனால் அவனுக்கு அவ்வளவுதான் சாமர்த்தியம்.

அந்த விரிப்பை மாமனார் பார்த்தார். அடுத்த ஞாயிறு, "கால் வலிக்குது, நான் வரலப்பா" என்றார். அதற்கடுத்த வாரம் தலைவலி. அக்கா வீட்டிலிருந்து போன் மேல் போன். "தம்பி ஏன் வரல, தம்பிக்கு உடம்புக்கு என்ன?" என்று கிழவி அழாத குறைதான். மாமனார் கட்டிலுக்குப் பக்கத்தில் சீட்டக்கா வைக்கும் தண்ணீர்ச் செம்பு வைத்தது வைத்தபடி இருந்தது. மனுஷன் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்! தனக்கே தெரியாமல் நடந்துவிடுகிறது என்று அவரும் நம்பிவிட்டார் என்பது அவளுக்குப் புரிந்தது. இதை யார் போய் அவரிடம் பேசுவது? மருமகளா பேசுவாள்?

பேசத் தெரியாவிட்டால் என்ன, தைக்கத் தெரியுமே. துடைத்தால் போகிற மாதிரி நல்ல ரெக்சினில் முன்சீட்டுக்கு உறை தைத்துவிட்டால், அந்தப் பாழாய்ப்போன பிளாஸ்டிக்கைத் தூக்கி எறிந்துவிடலாம். ஞாயிறு காலை வாசலில் வண்டியை நிறுத்திப் பழைய உறையைப் பிரித்தாள். பழக்கதோஷம், ஃபோமை அமுக்கி முகர்ந்தாள். வெறும் புழுதி வாசம். இன்னொரு முறை அழுத்தினாள். எந்தக் காலத்திலும் ஈரம் பட்டதாகவே தெரியவில்லை.

"அட மடச்சி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சீட்டு நனையாமல் தரை மட்டும் எப்படி நனையும்? குனிந்து கார்ப்பெட்டைத் தூக்கினாள். சீட்டுப் பக்கம் காய்ந்திருந்தது. முன்னால் போகப் போக, டாஷ்போர்டுக்கு அடியில், மேலே காய்ந்து தெரிந்தாலும் அடிப்பக்கம் இன்னும் சொதசொதவென்று இருந்தது. சீட்டில் ஒரு பழந்துணி, தரையில் ஒன்று விரித்தாள். வண்டியில் யாரும் ஏறாமல், கதவைச் சாத்தி, ஏசியை ஓடவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சீட்டுத் துணி அப்படியே இருக்க, தரைத் துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது சும்மாவா?

மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தாள். பிறகு மாமனார் அறைக்குப் போனாள். வாயால் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார், கண்ணால் பார்க்க வேண்டும். "மாமா, டார்ச் பிடிக்க ஆளில்ல. கொஞ்சம் வாங்களேன்" என்றாள். அவர் தயங்கித் தயங்கி வந்தார்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான். "ஏசித் தண்ணி வெளிய போற குழாய் இதான் பெரியவரே. கொஞ்சம் இந்தப் பக்கம் வெளிச்சம் காட்டுங்க. அட, குளவி மண்ணு வச்சு அடைச்சிருக்கு!" என்று கம்பியை விட்டுக் குத்தினான். மடமடவென்று அவ்வளவு தண்ணீரும் அவன் மூஞ்சியிலேயே கொட்டியது.

"ஐயோ, என் கண்ணு!" என்று அவன் உருண்டு வெளியே வந்தான்.

மாமனார் சிரிக்கவில்லை. டார்ச்சை அணைக்கவும் மறந்து நின்றார். "இது எப்பலேர்ந்து அடைச்சிருக்கும் தம்பி?" என்றார்.

"ரெண்டு மாசமாவது இருக்கும். போக வழியில்லாம தண்ணி உள்ளயே வழிஞ்சிருக்கு."

மகன் பின்சீட்டில் கிடந்த பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டிக் குப்பையில் போட்டான். "அப்பா..." என்று ஆரம்பித்தான்.

"சரி விடுடா" என்றார் அவர். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "ஒரு பாட்டில் தண்ணி குடும்மா. அப்படியே அக்கா வீட்டுக்குப் போய்ட்டு வந்துடலாமா?" என்றார். அத்தனை தண்ணீரையும் நின்ற இடத்திலேயே குடித்தார். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் கலங்கியது.

பழைய உறையையே சீட்டுக்கு மாட்டிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள். மகன் கார்ப்பெட்டைக் கழுவிக் காயப்போட நின்றுவிட்டான். தரை காயட்டும் என்று ஏசி போடாமல் ஜன்னல்களை இறக்கிவிட்டிருந்தாள். அவர் பழைய பஸ் கதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு ரயில் போனது. கேட் திறக்கவில்லை, அடுத்த ரயிலும் வருகிறதாம். அவர் பேச்சு குறைந்தது, பிறகு நின்றே போனது. கேட் திறந்தபோது கைக்குட்டையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டின் ஓரம் கறுத்திருந்தது.

சீட்டக்கா அதைப் பார்த்துவிட்டாள். வாயில் வந்ததைச் சொன்னாள்: "அந்தப் பாவி மெக்கானிக் அடைப்பைச் சரியா எடுக்கல பாருங்க மாமா! மறுபடியும் ஒழுகுது. நாளைக்கு இருக்கு அவனுக்கு."

அவர் மெல்லத் திரும்பினார். "ஏசியே போடலையேம்மா" என்றார்.

அவளுக்கு முகம் செத்துவிட்டது. அவரோ அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். "அவனை ஏன் திட்டுற, பாவம். இது நான்தான்."

"இருக்கட்டும் மாமா. சீட்டுத் தைக்கிறவ வீட்ல சீட்டுக்கா பஞ்சம்? வீட்டுக்குப் போய்த் துணி மாத்திக்கிட்டு வருவோமா?"

"வேண்டாம், நேரா போ. இப்பவே லேட்டு. அம்மா இல்லாத வீட்ல என்னை இடுப்புல வச்சே வளர்த்தவ அக்கா. எத்தனை தடவை அவ மேல போயிருப்பேன்! அவளுக்கு இது புதுசாம்மா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியை நேரே விட்டாள்.