கழுத்தில் வைக்கும் விரல்

இங்கே குழந்தைகளைப் பனியில் தூங்கவைக்கிறார்கள். நான் சமையல் வேலை செய்வது ஒரு பார்னஹாகேயில், அதாவது நோர்வேயின் வடக்கில் ஒரு சிற்றூரின் பாலர் பள்ளியில். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒன்பது தள்ளுவண்டில்கள் முற்றத்துச் சுவரோரம் வரிசையாக நிற்கும். பங்குனி பிறந்தும் பனி முழங்கால்வரை கிடக்கிறது. கம்பளிக்குள் புதைந்த குழந்தைகளின் மூக்கு மட்டும் வெளியே தெரியும், சிவந்துபோய். வேலைக்கு வந்த முதல் நாள் பதறிப்போய் ஒரு வண்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். ஆசிரியை இங்ரிட் சிரித்துக்கொண்டே அதைத் திரும்ப வெளியே கொண்டுபோய் விட்டாள். "குளிரில் தூங்கினால்தான் ரொபுஸ்த் ஆவார்கள்" என்றாள். ரொபுஸ்த் என்றால் எதையும் தாங்கும் உறுதி. அந்தச் சொல்லை இந்த நாட்டில் பாலோடு சேர்த்தே புகட்டுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ரொபுஸ்த் ஒருத்திதான். என் தங்கை ரோசி. திருகோணமலையில், உப்புவெளிக் கடற்கரை விடுதியொன்றின் குசினியில் சமைக்கிறாள். சண்டை திரும்பத் தொடங்கிய ஆண்டு அவளுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினாலு. ஊரைவிட்டு நிலாவெளிப் பக்கமாக நடந்துபோய் ஒரு மாதா கோயிலில் ஒதுங்கினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அம்மா கண்டா, ரோசியின் செருப்பைத் துளைத்துக் குதிக்காலுக்குள் ஏறியிருந்த ஆணியை. "ஏன்டி சொல்லேல்ல?" என்று அம்மா அழுதா. "அண்ணா அரிசி மூட்டை காவிக்கொண்டு வந்தவர். சொன்னா என்னையும் காவவேணும்" என்றாள் ரோசி. கோயிலில் இருந்த அவ்வளவு பேரும் அவளைப் புகழ்ந்தார்கள். 'இரும்புப் பிள்ளை' என்று முதலில் சொன்னவன் நான். கடல் அவள் வீட்டைக் கொண்டுபோனபோதும், பிறகு ஒருநாள் அதே கடல் அவள் புருஷனைக் கொண்டுபோனபோதும், அந்தப் பெயரையே அவளுக்குப் போர்த்திவிட்டு எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போனோம். நான் நோர்வேக்கு வந்தேன்.

போன வாரம் என் மனைவி சாந்தி வேலையால் வந்து, குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். "இஞ்சேருங்கோ, ரோசி என்னட்டச் சத்தியம் வாங்கினவ. எனக்கு இனி மறைக்க ஏலாது" என்றாள். ரோசியின் மார்பில் கட்டி. ஏழு மாதமாயிற்று. உடனே கொழும்புக்குப் போய் வெட்டியெடுக்க வேண்டும் என்று டாக்குத்தர் சொல்லியிருக்கிறார். தவக்காலம் முடியட்டும், சீசன் முடியட்டும் என்று அவள் இழுத்துக்கொண்டிருக்கிறாள். அண்ணனிடம் உடம்பில் அந்த இடத்தின் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. வெளிநாட்டில் இருப்பவனிடம் வருத்தத்தைச் சொல்லும் வழக்கமும் இல்லை. எல்லாம் முடிந்தபிறகுதான் சொல்லுவார்கள். அங்க இருந்துகொண்டு அவர் என்ன செய்யப்போறார் என்பார்கள். உண்மையாகவே என்ன செய்யப்போகிறேன். குற்றம் சொல்லவும் எனக்கு வாயில்லை: மாரியில் பனியில் சறுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது, இரண்டு மாதம் அவளிடம் "நல்ல சுகம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

மறுநாள் சூப்பில் உப்பில்லை. என்ன ஆயிற்று என்று இங்ரிட் கேட்டாள். தங்கைக்குச் சுகமில்லை என்று சொன்னேன். கெட்ட செய்தி கேட்பவர் மேல் பாரமாய் விழக்கூடாதென்று நம் ஆட்கள் ஒரு சிரிப்போடு சொல்வோமே, அப்படிச் சொன்னேன். அவள் சிரிப்பைத்தான் பார்த்தாள். "ஓ, இப்போது தேறிவிட்டாளா? நல்லது" என்று தோளில் தட்டிவிட்டுப் போனாள். திருத்திச் சொல்ல எனக்கு அவளுடைய மொழியும் வரவில்லை, என்னுடையதும் வரவில்லை. யன்னலோரம் நின்றேன். இங்ரிட் முற்றத்தில் வண்டில் வண்டிலாய்க் குனிந்து, கையுறையைக் கழற்றி, ஒவ்வொரு குழந்தையின் பிடரியிலும் இரண்டு விரல் வைத்துப் பார்த்தாள். சூடாயிருந்தால் விட்டுவிடுவாள். குளிர்ந்திருந்தால் தூக்கிக்கொண்டு உள்ளே வருவாள். பத்து நிமிசத்துக்கு ஒருதரம். இத்தனை நாளும் நான் குளிரை மட்டுமே பார்த்திருக்கிறேன். குளிர் எங்களுக்கும் குறைவில்லாமல் கிடைத்தது. விரலோடு ஒருவரும் வரவில்லை.

இடைவேளையில் ரோசிக்குப் போன் எடுத்தேன்.

"மச்சாள் ஊதிட்டாவோ?" ரோசி சிரித்தாள். "அவவிட்டச் சொல்லுறதும் ஒண்டுதான், ரேடியோவில போடுறதும் ஒண்டுதான்."

"எப்ப கொழும்புக்குப் போறாய்?"

"சீசன் முடியட்டும் அண்ணா. வெள்ளைக்காரர் வரத் தொடங்கீட்டினம். இதென்ன, அந்த ஆணியை விடப் பெரிசே?"

பழைய நான் என்றால் பெருமைப்பட்டிருப்பேன். "எனக்குப் பயமா இருக்கு ரோசி" என்றேன். அவளிடம் இதை நான் ஒருநாளும் சொன்னதில்லை.

"எனக்கும்தான்" என்றாள், சின்னக் குரலில். "ஒருக்கா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவீங்களே?"

ஆணி ஏறியபோதும் கேட்காதவள் கேட்ட முதல் உதவி. என்னை அகதியாக ஏற்ற இந்த நாடு தந்த பயணப் புத்தகத்தில், எல்லா நாடுகளுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர என்று அச்சடித்திருக்கிறது. நான் வாய் திறக்கமுன் அவளே சொன்னாள்: "தெரியும். சும்மா கேட்டனான்." பிறகு, "சரி, நான் போறன். ஒண்டு செய்யுங்கோ. பஸ்ஸில ஏறினா நான் போனை வெட்டமாட்டன். நீங்களும் வெட்டாதேங்கோ."

இன்றைக்கு ஏறிவிட்டாள். அங்கே பின்னேரம், இங்கே மதியம். வீடியோவில் அவளுடைய கைப்பையின் உள்ளிருட்டு மட்டும் தெரிகிறது. பஸ்ஸின் இரைச்சல், ஏதோ பாட்டு, கந்தளாயில் இறங்குகிறவர்களை முன்னுக்கு வரச்சொல்லும் நடத்துநரின் குரல். இங்ரிட் லீவு. வண்டில்களைப் பார்க்கும் முறை என்னுடையது. இடது கையில் போனோடு முற்றத்தில் இறங்கி, வலது கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, ஒவ்வொரு பிடரியிலும் இரண்டு விரல் வைக்கிறேன். ஒன்பதும் சூடு. அதே விரலைக் கறுத்த திரையில் வைத்துப் பார்க்கிறேன். கண்ணாடி குளிர்ந்து கிடக்கிறது.

"அண்ணா, நிக்கிறீங்களோ?" என்று பைக்குள்ளிருந்து கேட்கிறாள்.

"ஓம். நிக்கிறன்" என்கிறேன், முழங்கால்வரை பனிக்குள்.