நான் எழுதிய சுந்தரியும் முருகன் காத்த செல்வியும்

முருகனை நம்பும் சொந்தங்களே, நான் எழுதிய ஒரு பொய்யை நம்பி, என் பெரியம்மா மகன் சுப்பையா அண்ணன், தன் பத்து வயது மகளின் இன்சுலின் ஊசியை நிறுத்துவதற்காகக் கோவில்பட்டியிலிருந்து டெல்லிக்கு ரயிலேறி வந்தார். கிருத்திகை பஜனையில் இதைச் சொல்லச் சொல்லிப் பலர் கேட்டும் நழுவிக்கொண்டே வந்தேன். வெட்கம்தான், வேறென்ன!

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் எங்கள் வீடு. கணவர் மத்திய அரசில் கிளார்க். நான் முனிர்காவில், ஒரு மாடி அறையில் நடந்த சின்ன கம்பெனியில் வெப்சைட்டுக்கு எழுதும் வேலை பார்த்தேன். ஜனங்கள் தேடும்போது என்னென்ன வார்த்தைகளை அடிப்பார்கள் என்று கண்டுபிடித்து, அந்த வார்த்தைகள் திரும்பத் திரும்ப வருகிற மாதிரி பக்கம் எழுத வேண்டும். தேடினால் நம் பக்கம் முதலில் வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

சர்க்கரை நோயைக் குணமாக்குகிறேன் என்று டெல்லியிலேயே மருந்து கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களிடம் வந்தார். பாய் சாப் என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் முதலாளி, குணமானவர்கள் பேசுகிற மாதிரி ஊருக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னார். ஆபீசில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மதுரை, சேலம், வேலூர் என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி எழுதித் தள்ளினேன். அப்போது தமிழில் அந்த மாதிரிப் பக்கங்களே கிடையாது. எது தேடினாலும் என் பக்கம்தான் முதலில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஊர் வரிசையில் கோவில்பட்டி வந்தபோது, சொந்த ஊராயிற்றே என்று கொஞ்சம் ஆசையாக எழுதினேன். சுந்தரி என்று ஒரு தாயைப் படைத்தேன். அவள் மகள் ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு கடையில் கடலைமிட்டாய் வாங்கித் தின்கிறாள் என்று எழுதினேன். யாரையோ ஏமாற்றுகிறோம் என்ற உறுத்தல் துளியும் இல்லை.

அண்ணனும் மதினியும் மகள் செல்வியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார்கள். நல்ல டாக்டரைப் பார்க்க வருகிறோம் என்றுதான் போனில் சொல்லியிருந்தார்கள். காப்பி குடித்து முடித்ததும் அண்ணன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே கம்ப்யூட்டர் சென்டரில் அச்செடுத்த தாள். ஓரத்தில் குங்குமம். பூஜையில் வைத்து எடுத்து வந்திருக்கிறார். என் வாக்கியங்களை எனக்கே வாசித்துக் காட்டினார்.

“அந்த மருந்துக்காரரு புதன்கிழமை வரச் சொல்லிருக்காவ மீனா. அன்னையிலேருந்தே ஊசிய நிறுத்திரணுமாம். அப்பதான் மருந்து பிடிக்குமாம்.”

“அண்ணே, வெப்சைட்ல போடறதெல்லாம் சும்மா விளம்பரம். நம்பாதீங்க.”

“விளம்பரக்காரனுக்கு நம்ம பஸ் ஸ்டாண்டு கடலைமிட்டாய் எப்படித் தெரியும்? நம்ம ஊர்க்காரிதான் எழுதிருக்கா. இந்தச் சுந்தரியம்மாவ ஊர்ல ரெண்டு நாளா தெருத் தெருவாத் தேடினேன். வீடு மாத்திட்டாவ போல.”

‘நான்தான் எழுதினேன்’ என்பதைத் தவிர எதைச் சொன்னாலும் அவர் நம்பப் போவதில்லை. அதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. சொந்தத்தில் படித்து டெல்லியில் வேலை பார்க்கிற பெண் நான் ஒருத்தி. அந்தப் பெருமையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தையின் உயிரை எடைபோட்டுப் பார்த்தேன். எவ்வளவு கேடுகெட்ட மனசு!

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய் அந்தப் பக்கத்தை எடுத்துவிடும்படி கெஞ்சினேன். பாய் சாப் சிரித்தார். “பஹன்ஜி, அதுதான் முதல்ல வருது. உங்க பேரா போட்டிருக்கு? டென்ஷன் மத் லோ, கவலப்படாதீங்க.” வீட்டுக்கு வந்தால் செல்வி என் மகனோடு கேரம் விளையாடிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு முன் தானே சட்டையைத் தூக்கி ஊசிக்கு வயிற்றைக் காட்டினாள். நான் அடுக்களைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மதினி வந்து, “என்ன, டெல்லித் தண்ணி சேரலையா?” என்று கேட்டாள். ஆமாம் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

மருந்துக்காரரிடம் போகும் முன் செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு அர்ச்சனை செய்துவிடலாம் என்று அண்ணன் சொன்னதால், ஆர்.கே.புரம் மலைக்கோயிலுக்கு எல்லோரும் போனோம். சன்னதியில் கண்ணை மூடி நான் கேட்டதை மறைக்காமல் சொல்கிறேன். ‘முருகா, இந்தப் பிள்ளையைக் காப்பாற்று. என்னையும் காட்டிக் கொடுத்துவிடாதே.’ இப்படித்தான் கேட்டேன். இரண்டையும் சேர்த்தே கேட்டேன்.

வெளியே படியில் வந்து உட்கார்ந்தோம். விபூதியைப் பூசிக்கொண்டே செல்வி என்னிடம் கேட்டாள். “அத்தை, அந்தச் சுந்தரி அத்தை மக பேரு என்ன? தாள்ல போடல, நீங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்க. அவகிட்ட பேசணும். ஊசி நிறுத்தினா மொதல்ல எப்படி இருக்கும்னு கேக்கணும். எனக்குப் பயமா இருக்கு.”

அந்தப் பெண்ணுக்கு நான் பெயரே வைக்கவில்லை. பெயர் வைக்கக்கூடத் தோன்றாமல் எழுதியிருக்கிறேன். என் வாய் தானாகத் திறந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் திறக்கவில்லை. “அப்படி ஒரு பிள்ளையே இல்லடா கண்ணு. சுந்தரியும் இல்ல. எல்லாம் நான் எழுதினது. சம்பளத்துக்கு எழுதினேன்.”

அண்ணன் என்னையே பார்த்தார். “நீயா?” என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, “இங்க நல்ல ஆஸ்பத்திரி எங்க இருக்கு, அதையாவது உண்மையாச் சொல்லு” என்றார். அன்றே அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றோம். “இந்தக் குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்கள்கூடத் தாங்காது” என்று டாக்டரம்மா அண்ணனைப் பார்த்துச் சொன்னார். மதினி என் கையை உதறினாள். ரயிலேறும் வரை இரண்டு பேரும் என் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் நான் ஆபீசுக்குப் போய், யாரையும் கேட்காமல், நான் எழுதிய எல்லா ஊர்ப் பக்கங்களிலும் கதையை அழித்தேன். ‘இது கட்டுக்கதை, டாக்டரைக் கேட்காமல் ஊசியை நிறுத்தாதீர்கள்’ என்று எழுதிவிட்டு, வேலையை விடுகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். மருந்துக்காரருக்கு விஷயம் தெரிந்து பெரிய ரகளையாம். எந்தப் பக்கத்தில் நான் என்ன எழுதி வைத்தேனோ, பார்த்துச் சொல்ல அங்கே ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. பயந்துபோய், தமிழில் இருந்த அத்தனை பக்கங்களையும் மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள். என்னோடு வேலை பார்த்த பெண் போனில் சொன்னபோது, முருகா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பக்கத்தை எடுக்கச் சொல்லிக் கெஞ்சியும் நடக்கவில்லை. முருகன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டான்.

அண்ணன் ஒரு வருடம் பேசவில்லை. அடுத்த கோடை விடுமுறையில் செல்வியை டாக்டரம்மாவிடம் காட்டுவதற்காக மறுபடி வந்தார். நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார். மத்தியானம் தட்டு வைத்ததும், ஊசியில் மருந்தை ஏற்றி, அளவை இரண்டு தடவை பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார்.

“நீ போடு.”

“நானா அண்ணே?”

“அத்தைதான? போடு.”

செல்வி சட்டையை உயர்த்திக்கொண்டு, “அத்தை, பாத்துப் போடுங்க” என்று சிரித்தாள். போட்டேன். அண்ணன் என் வீட்டுச் சோற்றில் முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தார்.

சொந்தங்களே, நீங்களும் எதிலாவது மாட்டிக்கொண்டு மூச்சு முட்டிக் கிடந்தால் அவனிடம் போய் நில்லுங்கள். என்னைப் போல அரைமனசோடு கேட்டாலும் கேட்பான். நான் கேட்டது இரண்டு. பிள்ளையைக் காப்பாற்றினான். என்னைக் காட்டிக் கொடுத்தான். இரண்டும் அவன் கருணை.