என்.ஜி. ஜோதி

ஒரு காலில் சேஃப்டி ஷூ, மறு காலில் ரப்பர் செருப்பு. இந்தக் கோலத்தில்தான் கம்பெனி பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாள் ஜோதி. "தோ வந்துட்டண்ணா, இன்னாத்துக்கு ஹாரன் அடிச்சினே கீற?" என்று டிரைவரையே அதட்டுவாள். வல்லக்கோட்டை நிறுத்தத்தில் இது அன்றாடக் காட்சி. ஏறி உட்கார்ந்த பிறகுதான் காலைப் பார்ப்பாள். பார்த்ததும் முதலில் சிரிப்பவளும் அவள்தான்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் லைனில் வேலை. மனசு ஒட்டிவிட்டால் கை பறக்கும், சாப்பாட்டு மணி அடித்தாலும் காதில் விழாது. ஒட்டாவிட்டால் கண் மட்டும் ஒயரில் இருக்கும், மனசு ஊர்கோலம் போயிருக்கும். சரியில்லை என்று கழித்த பாகங்களில் ஒட்ட வேண்டிய சிவப்பு 'என்.ஜி.', அதாவது 'நாட் குட்', ஸ்டிக்கரை ஒருநாள் ஏதோ நினைப்பில் தன் சட்டைக் கையிலேயே ஒட்டிக்கொண்டு ஷிப்ட் முழுக்கத் திரிந்தாள். அன்றிலிருந்து அவள் என்.ஜி. ஜோதி. கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு பாத்ரூமில் போய் அழுவாள், பாவம்.

"சோம்பேறின்னா திருந்திக்கலாம்க்கா. நான் சோம்பேறி இல்லியே, அப்றம் இன்னாதான் எனுக்கு?" என்று கம்பெனி நர்ஸ் சசிகலாவிடம் கேட்டே விட்டாள்.

சசிகலாதான் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் குறைபாட்டைப் பெண்களிடம் மூளை ஸ்கேன் படங்களை வைத்துச் செயற்கை நுண்ணறிவால் கண்டுபிடிக்க முடியுமா என்று அங்கே ஆய்வு நடக்கிறது. ஸ்கேன் மிஷினுக்குள் அசையாமல் படுக்கச் சொன்னார்கள், அதுவும் ஜோதியிடம்! கால் ஆடிப் படம் கலங்கியது, மறுபடி எடுத்தார்கள். சின்ன வயசுக் கதையைச் சொல்ல அம்மா ரத்னாவும் வந்திருந்தாள். "அப்பலேர்ந்தே இப்டித்தாம்மா. சொன்னது எதுவும் மண்டையில ஏறாது" என்று முடித்துக்கொண்டாள்.

முடிவு சொல்லும் நாளில் ஜோதி நேராகக் கேட்டாள்: "என் மூள ஓகேவா, என்.ஜி.யா டாக்டர்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "கம்ப்யூட்டர் இருக்குன்னுதான் சொல்லுது. ஆனா அது இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கு, அத மட்டும் நம்ப மாட்டோம். உங்க ரெண்டு பேர் கிட்டயும் பேசினத வெச்சு நானே சொல்றேன், ஏ.டி.எச்.டி.தான். ஓடியாடுற பசங்கள ஸ்கூல்லயே கண்டுபிடிச்சிடறாங்க. ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்குற பொண்ணு யார் கண்ணுலயும் படறதில்ல. உங்க மேல தப்பில்லம்மா."

ஜோதி ஓவென்று அழுதாள். இத்தனை வருஷம் வாங்கிய திட்டெல்லாம் கரைந்து வந்த அழுகை அது.

ரத்னா மகளைத் தேற்றவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் பேச உட்கார்ந்துவிடுகிறவள் அவள். அதற்காகப் புருஷனிடம் அடியும் வாங்கியிருக்கிறாள்.

"இது குடும்பத்துல வருமாம்மா?" என்று டாக்டரிடம் கேட்டாள்.

"வரலாம்."

"அந்த மிஷினுக்குள்ள நக நட்டு போட்டுகினு போவக் கூடாதாமே, மூக்குத்தியும் கழட்டணுமா?" என்று மெல்லக் கேட்டாள். கேட்கும்போதே அவள் விரல்கள் திருகாணியைத் திருக ஆரம்பித்திருந்தன.