ஆறு வீட்டுக்கும் ஒரே சுவர்

குஞ்சம்மாளுக்குச் சொந்தம் என்று வாய்த்த முதல் வீடு அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய அவள் பெற்றோர் கடைசிவரை வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டுப் போனார்கள். இவளோ கொடைக்கானல் ஓட்டல் ஒன்றில் துணி வெளுத்துத் தேய்த்து, அட்டுவம்பட்டிச் சரிவில் சேனாதிபதி என்பவர் கட்டி விற்ற ஆறு வீடுகளில் ஒன்றை வங்கிக் கடனில் வாங்கினாள்.

குடிவந்த மறு வருஷ அடைமழையில் சமையலறைச் சுவரில் விரிசல் விட்டது. கொல்லைக்குப் போய்ப் பார்த்தாள். மேட்டு மண்ணைத் தாங்கி ஆறு வீட்டுக்கும் பின்னால் நீளமாக ஓடிய கற்சுவர் வயிறு தள்ளி நின்றது.

சேனாதிபதி வந்து பார்த்தார். "மழைக்கு மண்ணு எளகத்தான்மா செய்யும். சாமி செயலுக்கு நான் என்ன செய்ய? விரிசலப் பூசித் தரச் சொல்றேன்."

"மலையில மழை பேயும்னு வீடு கட்டயில தெரியாதுங்களா?" என்றாள் குஞ்சம்மாள்.

அவர் காரில் ஏறினார்.

பக்கத்து வீட்டு அழகம்மாள் பயந்தாள். "பெரிய எடம். நமக்கு எதுக்குடி இந்தச் சோலி?"

குஞ்சம்மாள் வெள்ளனே எழுந்து, வத்தலக்குண்டில் பஸ் மாறி, திண்டுக்கல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாள். குறையோடு கட்டி விற்றவர்தான் அதைச் சரிசெய்யக் கடமைப்பட்டவர் என்று அங்கே தெரிந்துகொண்டு புகார் கொடுத்தாள். தன் வீட்டுக்கு மட்டும் கேட்கவில்லை. சுவர் முழுவதையும் இடித்துக் கட்டித் தரவேண்டும் என்று கேட்டாள்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. மலை இறங்கி ஏறி அவள் சோர்ந்துபோயிருந்த ஒரு நாள், ஆணையத்தின் வாசலில் சேனாதிபதி பேச்சுக் கொடுத்தார்.

"ஒங்க வீட்டுப் பின்பக்கம் மட்டும் புதுசாக் கட்டித் தாரேன். கேச வாபஸ் வாங்கிருங்க."

வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. ஆனாலும் சொன்னாள்: "அழகம்மாக்கா வீட்டுப் பக்கம் சரிஞ்சு விழுந்தா, எங்க வீட்டுப் பக்கம் நின்னு என்னங்க பிரயோசனம்? நான் எப்படிங்க அங்க குடியிருப்பேன்?"

அடுத்த மழைக்கு முன்பே வீடு வீடாகப் போய், யாரும் பின்னறையில் புழங்க வேண்டாம் என்று கெஞ்சினாள். சிலர் சிரித்துக்கொண்டே கட்டிலை முன்னால் நகர்த்தினார்கள். ஐப்பசியில் ஒரு பகல்பொழுது, அழகம்மாளின் சமையலறைமேல் சுவர் சரிந்து விழுந்தது. அவள் முன்னறையில் இருந்தாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அதற்கப்புறம் குஞ்சம்மாள் திண்டுக்கல்லுக்குத் தனியாகப் போகவில்லை. மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் சாட்சி சொல்லக் கூடவே போனார்கள். ஆணையம் அனுப்பிய பொறியாளர், தண்ணீர் வடிய ஒரு துளைகூட விடாமல் சுவர் எழுப்பப்பட்டதை எழுதிக்கொடுத்தார். குறை மழையில் இல்லை, கட்டுமானத்தில்தான் என்று தீர்ப்பானது. சேனாதிபதி தன் செலவிலேயே, பொறியாளர் மேற்பார்வையில், முழுச் சுவரையும் சேதமான வீடுகளையும் கட்டித் தந்தார்.

புதுச் சுவர் கண்ட முதல் மழையன்று எல்லோரும் குடையோடு கொல்லையில் நின்றார்கள். சுவரில் பதித்த குழாய்களிலிருந்து செந்தண்ணீர் கொட்டியது.

"காப்பி ஆறுது, வாடி" என்று கூப்பிட்டாள் அழகம்மாள்.

"இந்தா வாரேங்க்கா" என்ற குஞ்சம்மாள், கடைசி வீட்டுக் குழாய்வரை நடந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.