முதுகோடு முதுகு ஒட்டிய நாற்காலிகள்

டங்கு டீச்சரின் வகுப்பில் சேருகிறவர்களுக்கு மேடை பயத்தைவிட அவருடைய எவர்சில்வர் டம்ளர் மேல்தான் பயம் அதிகம். தையற்கடைக்காரி, பஸ் கண்டக்டர், மருந்துக்கடைக்காரர் என்று வேலை முடிந்து வருகிற பெரியவர்களுக்கு நாலு பேர் முன்னால் நின்று பேசக் கற்றுத்தரும் மாலை வகுப்பு அது. பேசுகிறவர் வாயில் 'அதாவது' வந்தால் போச்சு. ஸ்பூனால் டம்ளரில் 'டங்' என்று ஒரு தட்டு. "வார்த்தை வரலேன்னா சும்மா நில்லுங்க. குப்பையைப் போட்டு ரொப்பாதீங்க" என்பார். முதல் நாள் கண்டக்டர் தன் பேச்சை முடிப்பதற்குள் டம்ளரே நசுங்கிவிடும் போலிருந்தது.

பயிற்சிகளுக்குப் பஞ்சமில்லை. பைக்குள் கையை விட்டு, அகப்பட்ட பொருளைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரர் போட்ட அறுவை தனிக்கதை. டீச்சருக்குப் பிடித்தது முதுகுப் பயிற்சி. இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டு, இருவர் முகம் பார்க்காமல் போனில் பேசுவதுபோல் பேச வேண்டும். குரலை மட்டும் நம்பிப் பேசப் பழகத்தான் அது.

இத்தனை பேரைப் பேசவைத்த டீச்சரோடு கூடப்பிறந்த தங்கை பேசுவதில்லை. தன் மகளின் கல்யாண விருந்தில் தங்கை மைக்கைப் பிடித்து, "அதாவது... எங்க அக்கா மட்டும் இல்லேன்னா..." என்று ஆரம்பித்தாள். பழக்கதோஷம், டீச்சரின் கை ஸ்பூனால் எதிரிலிருந்த டம்ளரை 'டங்' என்று தட்டிவிட்டது. கூடமே சிரித்தது. தங்கை மைக்கை வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். அதற்கப்புறம் டீச்சர் கூப்பிட்டால் போன் அடித்துக்கொண்டே இருக்கும், தங்கை எடுக்கமாட்டாள். அக்கா இல்லேன்னா என்ன? அந்த மிச்ச வார்த்தைகளுக்காக டீச்சர் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒருநாள் வகுப்பில் முதுகுப் பயிற்சிக்கு ஜோடி சேர்க்க ஓர் ஆள் குறைந்தது. "நீங்களே உக்காருங்க டீச்சர்" என்று கண்டக்டர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம். ரொம்ப நாள் பேசாதவருக்குப் போன் போட வேண்டும் என்பது தலைப்பு. டீச்சரே கொடுத்ததுதான், தன் தலையிலேயே வந்து விழும் என்று அவர் நினைத்தாரா என்ன?

"ஹலோ, யாரு?" என்றாள் பின்னால் இருந்த தையற்கடைக்காரி.

"நான்தான். அக்கா பேசறேன்."

"சொல்லுக்கா."

"அதாவது..." என்றார் டீச்சர். "அன்னிக்கு நான்... அதாவது..."

கண்டக்டர் ஓங்கிய ஸ்பூனை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ சொல்ல வந்ததை முழுசா சொல்ல விடலையேடி. இப்ப சொல்லேன். நான் வாயே திறக்க மாட்டேன்."

பாவம், தையற்கடைக்காரிக்கு என்ன தெரியும்? "நீ நல்லா இருக்கியாக்கா?" என்று கேட்டாள். டீச்சர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் கேட்க நினைத்தது இதுவல்ல. ஆனாலும் 'அக்கா' என்று ஒரு குரல் கூப்பிட்டு எத்தனை காலமாகிவிட்டது!

அடுத்த வாரம் எல்லோரும் வந்திருந்தார்கள், ஆள் குறையவில்லை. டீச்சர் நாற்காலிகளை முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டார். யார் முதலில் என்று கேட்காமல் தானே போய் ஒன்றில் உட்கார்ந்தார். தையற்கடைக்காரி எழுந்து வந்து அவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"ஹலோ, சொல்லுக்கா."