லாயர் இல்லாத நேரத்தில் கேட்டவர்கள்

பிரிஞ்சாங் என்ற மலையூரில் ஒரு லாயரிடம் நான் கிளார்க். அவருக்குத் தலைக்கு மேல் கேஸ். பாதி நாள் வெளியூர்க் கோர்ட்டில் இருப்பார். தொழிலாளர்களுக்கான லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி அஞ்சலை அக்கா மீது தேயிலைத் தோட்டம் வழக்குப் போட்டிருந்தது. லாயர் இல்லாத நேரத்தில் அக்கா வந்தார்.

"நாளைக்கு நான் கோர்ட்டுக்குப் போவணுமா தம்பி?"

சும்மா அனுப்ப மனமில்லை. "வேணாங்கா, லாயர் பாத்துக்குவாரு லா" என்றேன், சட்டம் படித்தவன் போல. மறுநாள் லாயர் வேறு ஊர்க் கோர்ட்டில்; அக்கா கேஸுக்கு யாருமே போகவில்லை. வீடு போய்விட்டது.

சாமான்களை லோரியில் ஏற்றிய பிறகு அக்கா மீண்டும் வந்தார். ஏசப்போகிறார் என்று எழுந்து நின்றேன். பக்கத்து வீட்டுக்காரியை முன்னே தள்ளினார். அவள் கையிலும் கோர்ட் கடிதம்.

"இந்தத் தம்பிய கேளுடி. காக்க வைக்காது, உடனே சொல்லிரும்."

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன்.

"அப்ப நாங்க யாரத்தான் கேக்குறது?" என்றார் அக்கா.